பெய்ஜிங், ஷாங்காய் தாண்டி ஒரு சீனா: ஃபூஜியான் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனா என்றதும் நெடுஞ்சுவர், மண் வீரர்கள், ஷாங்காய் கட்டடங்கள் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். தென்கிழக்குக் கடற்கரையில் இருக்கும் ஃபூஜியான் மாகாணத்துக்குப் போய்வந்த பிறகு, நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ச்சுவான்ஜோ என்ற ஊரைப் பற்றிய பதில்கள்தான் நீளமாக இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த ஊரை வேகமாகக் கடந்துபோக முடியாது.

ஃபூஜியான் எங்கே இருக்கிறது? அங்கே அப்படி என்ன விசேஷம்?

தைவான் தீவுக்கு நேர் எதிரே, ஜலசந்திக்கு இந்தப் பக்கம். பெரும்பகுதி மலை, விவசாய நிலம் குறைவு. அதனால் கடலோர மக்கள் காலங்காலமாகக் கப்பலேறிப் பிழைத்தார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஹொக்கியன் பேசும் சீனர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹொக்கியன் என்பது ஃபூஜியான் என்ற பெயரையே அந்த ஊர்க்காரர்கள் உச்சரிக்கும் விதம்.

யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள் இந்த ஒரே மாகாணத்தில் வரிசையாக இருக்கின்றன: வூயி மலை (1999), துலோ மண் கோட்டைகள் (2008), தைநிங் செம்பாறை மலைகள் (2010), ஷியாமென் நகரத்தை ஒட்டிய குலாங்யூ தீவு (2017), ச்சுவான்ஜோ (2021). இருந்தும் நம் ஊர்ப் பயண ஏற்பாட்டாளர்களின் பட்டியலில் இந்தப் பெயர்களைப் பார்ப்பது அபூர்வம்.

ச்சுவான்ஜோவும் குவாங்சோவும் ஒன்றா?

இல்லை. குவாங்சோ, நம் வியாபாரிகள் சரக்கெடுக்கப் போகும் பெரிய நகரம், வேறு மாகாணம். ச்சுவான்ஜோவைத் தமிழில் சிலர் குவான்சோ என்றும் எழுதுவதால் இந்தக் குழப்பம் வருகிறது.

இடைக்காலத்தில் இந்த ஊரை அரபு வணிகர்கள் ஜைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இதைப் பேசுகிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணம் ஒரு மரம். ஊரைச் சுற்றி நடப்பட்டிருந்த அந்த மரத்தைச் சீனர்கள் ‘ட்ஸிதோங்’ என்பார்கள்; அரபு நாவில் அது ஜைத்தூன் ஆனது. அது என்ன மரம் தெரியுமா? நம் வீட்டுக் கொல்லையில் வேலிக்கு வைப்போமே, சளிக்கு இலையை அரைத்து அடை சுடுவோமே, அதே கல்யாண முருங்கை! இன்றும் அதுதான் அந்த நகரத்தின் அடையாள மரம்.

அங்கே தமிழ்க் கல்வெட்டு இருப்பது உண்மையா?

உண்மை. 1956-இல் ச்சுவான்ஜோவில் கிடைத்த கல் அது. தமிழில் சில வரிகள், கீழே சீனத்தில் ஒரு வரி. சக ஆண்டு 1203, சித்திரை மாதம் சித்திரை நாள் என்று தேதி போட்டிருக்கிறது. நம் கணக்கில் 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசை கானின் உடல்நலத்துக்காகச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது செய்தி. 1281-இல் சீனாவை ஆண்டவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான்.

அரசனின் ‘திருமேனிக்கு நன்றாக’ என்று வேண்டிக்கொண்டு ஒரு கோயிலுக்குக் கொடை கொடுப்பது சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் நாம் அடிக்கடி பார்க்கும் வழக்கம். அதே வழக்கத்தை ஒரு மங்கோலிய மன்னனுக்குச் செய்திருக்கிறார்கள். கோயில் பெயரைத் ‘திருக்கானீச்சுரம்’ என்று படிப்பவர்கள் உண்டு. ராஜராஜனின் பெயரால் ராஜராஜேச்சுரம் போல, கானின் பெயரால் ஓர் ஈச்சுரம். கானின் ஆணைப்படி இது நடந்தது என்று சொல்ல, ‘பர்மான்’ என்ற பாரசீகச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். சீனத்துக் கல்லில், தமிழ் எழுத்தில், ஒரு பாரசீகச் சொல். அந்தத் துறைமுகத்தில் என்னென்ன மொழிகள் காதில் விழுந்திருக்கும் என்று இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது.

ஒரு விஷயம்: கல் இப்போது ச்சுவான்ஜோவில் இல்லை. ஷியாமென் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வளாகத்துக்குள் போக முன்பதிவு தேவைப்படும். தங்கும் விடுதியில் சொன்னால் செய்து தருவார்கள்.

அந்தச் சிவன் கோயில் இப்போது இருக்கிறதா?

இல்லை. மங்கோலியரின் யுவான் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், 1357-க்கும் 1366-க்கும் இடையே, ச்சுவான்ஜோவில் பெரிய கலவரம் நடந்தது. வெளிநாட்டு வணிகர் குடியிருப்புகள் அதில் அழிந்தன. கோயிலும் போனது. கற்கள் மட்டும் ஊர் முழுக்கச் சிதறி, மதில்களிலும் வேறு கோயில்களிலும் போய் ஒட்டிக்கொண்டன.

அவற்றைப் பார்க்க இரண்டு இடங்கள் போதும். முதலாவது, 686-இல் தொடங்கிய கைய்யுவான் என்ற பௌத்தக் கோயில். பிரதான மண்டபத்தின் முன்பக்கம் பெரிய கூட்டம் நிற்கும், ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அங்கே நிற்காமல் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். மற்ற தூண்களிலிருந்து மாறுபட்டு, பதினாறு பட்டையோடு இரண்டு பச்சை நிறக் கல்தூண்கள் நிற்கும். கண் மட்டத்துக்குச் சற்று மேலே, கீழே என்று வட்ட வட்டமாகச் சிற்பங்கள். ஒன்றில் நரசிம்மர் இரணியனை மடியில் போட்டு வயிற்றைக் கிழிக்கிறார். ஒன்றில் யானையின் காலை முதலை கவ்வியிருக்கிறது. இன்னொன்றில் கண்ணன் மரத்தின் மேல் கோபியரின் சேலைகளோடு உட்கார்ந்திருக்கிறான், கீழே பெண்கள் கெஞ்சுகிறார்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுகூட இருக்காது. தாராசுரத்தில் தூணைச் சுற்றிச் சுற்றி வந்து கதை கண்டுபிடித்தவர்களுக்கு அதே விளையாட்டு இங்கேயும் காத்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் நின்றிருந்த சீனப் பாட்டிகளுக்கு அந்த யானையும் முதலையும் என்ன கதை என்று தெரியவில்லை. கைபேசி மொழிபெயர்ப்பில் சொன்னதும் ஒருவர் இன்னொருவரைக் கூட்டிவந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

மண்டபத்தின் முன் மேடையைச் சுற்றிலும் மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட பலகைச் சிற்பங்கள் இருக்கின்றன. அவையும் அந்தப் பழைய கோயிலின் மிச்சங்களே. அடுத்து வந்த மிங் காலத் திருப்பணியின்போது கிடைத்த நல்ல கல்லை எடுத்து இங்கே பயன்படுத்திவிட்டார்கள். அதனால்தான் அவை பிழைத்தன.

இரண்டாவது இடம் கடல்சார் வரலாற்று அருங்காட்சியகம். ஒரு யானை லிங்கத்துக்குப் பூச்சொரியும் பலகை அங்கே இருக்கிறது. திருவானைக்கா தலபுராணம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. இவற்றோடு, பக்கத்து ஜின்ஜியாங்கில் ச்செதியன் என்ற கிராமத்தில், நான்கு கைகளோடு காலடியில் அசுரனைக் கொண்ட ஓர் அம்மன் சிலையை மக்கள் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். நேரம் இருந்தால் போங்கள். அது அவர்களுடைய வழிபாட்டு இடம்; படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தமிழ்த் தொடர்பு தவிர ச்சுவான்ஜோவில் பார்க்க என்ன இருக்கிறது?

நிறைய. யுனெஸ்கோ பட்டியலில் மட்டும் 22 இடங்கள். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். கைய்யுவானின் இரட்டைக் கல் கோபுரங்கள் (13-ஆம் நூற்றாண்டு) எப்படியும் கண்ணில் படும். 1009-இல் கட்டிய ச்சிங்ஜிங் பள்ளிவாசல் ஒரு நிமிட நடையைக்கூட வீணாக்காது. கூரை போய்விட்டது, கருங்கல் வாயில் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. ஊருக்கு வெளியே ‘த்ஸாவ் ஆன்’ என்ற சின்னக் கோயிலில், பாரசீகத்தில் தோன்றி உலகமெங்கும் மறைந்துபோன மானி மதத்தின் தேவர் சிலை 1339-இலிருந்து பாறையில் அமர்ந்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது லோயாங் பாலம். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்தார்கள். அலை புரளும் கழிமுகத்தில் கற்களை எப்படி நகராமல் நிறுத்துவது? சிப்பி வளர்த்தார்கள். தூண்களின் அடியில் சிப்பிகளை ஒட்டவிட்டு, அவை வளர வளரக் கல்லும் கல்லும் சுண்ணாம்பால் பூட்டிக்கொண்டன. உயிருள்ள சிமெண்டு என்றே சொல்லலாம். நீர் வற்றும் நேரத்தில் போனால் தூண்களின் படகு முனை வடிவமும், அதில் அப்பிக் கிடக்கும் சிப்பி ஓடுகளும் தெரியும். அலை நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஆன்பிங் என்ற இன்னொரு கல்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அது 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

அப்புறம் கப்பல். 1974-இல் துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்த, யுவானுக்கு முந்தைய சோங் காலத்து மரக்கலம், கைய்யுவான் கோயில் வளாகத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அடிப்பகுதி பதின்மூன்று அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும்; ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காது. அதில் கிடைத்த சரக்கின் பட்டியலைப் படித்தால் நாட்டு மருந்துக் கடை வாசலில் நிற்பது போல இருக்கும்: சந்தனம், அகில், மிளகு, கொட்டைப்பாக்கு, சாம்பிராணி.

படங்களில் பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருக்கிறார்களே, அது எங்கே?

சுன்பு, ச்சுவான்ஜோவின் விளிம்பில் இருக்கும் மீனவக் கிராமம். கொண்டை போட்டு, அதைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம் சுற்றுவது அந்த ஊர்ப் பெண்களின் அன்றாட வழக்கம். நம் ஊரில் மல்லிகைச் சரத்தைச் சுற்றுவோமே, அப்படித்தான், ஆனால் நாலைந்து சுற்று. இப்போது வெளியூர்ப் பெண்கள் வந்து பூ வைத்து, ஆடை வாடகைக்கு எடுத்துப் படம் எடுப்பது பெரிய தொழிலாகவே ஆகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துச் சலித்துத் திரும்பிவிடாதீர்கள். உள்சந்துகளில் சிப்பி ஓடுகளை மீன் செதில் போல அடுக்கிக் கட்டிய பழைய வீடுகள் இருக்கின்றன. வாசலில் பாட்டிகள் சிப்பி உடைத்துக்கொண்டிருப்பார்கள். கொண்டையில் பூ இருக்கும், கை ஓயாது.

துலோ என்றால் என்ன?

மண்ணை இடித்து இடித்து எழுப்பிய பல மாடிக் கோட்டை வீடு. வட்டமாகவோ சதுரமாகவோ இருக்கும். ஹக்கா மக்களும் தென் ஃபூஜியான் மக்களும் கொள்ளையருக்குப் பயந்து, ஒரு குலம் முழுவதும் ஒரே சுவருக்குள் வாழக் கட்டிக்கொண்டது. யுனெஸ்கோ பட்டியலில் 46 கட்டடங்கள் இருக்கின்றன, 15 முதல் 20-ஆம் நூற்றாண்டு வரை கட்டியவை.

சுவர் ஒரு மீட்டருக்கு மேல் தடிமன். மண்ணோடு சுண்ணாம்பும் மணலும் கலந்து, இடையில் மூங்கில் பத்தைகளைக் கம்பி மாதிரி வைத்து இடித்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது, ஒரே ஒரு பெரிய வாசல். உள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு துண்டு: கீழே அடுக்களை, அதற்கு மேலே தானிய அறை, அதற்கும் மேலே படுக்கை அறைகள். நடுமுற்றத்தில் கிணறும் முன்னோர் வழிபாட்டுக் கூடமும். மூத்தவன், இளையவன், வசதியானவன், இல்லாதவன் எல்லோருக்கும் ஒரே அளவு அறை. முற்றத்தில் ஒரு வீட்டில் பூண்டு தாளித்தால் நான்கு மாடிக்கும் வாசம் ஏறுகிறது!

எந்தத் துலோவுக்குப் போவது?

யோங்டிங் பகுதியில் ச்செங்ச்சி லோ, 1709-இல் முடிந்தது. வட்டத்துக்குள் வட்டமாக நான்கு வளையங்கள், ஏறக்குறைய 400 அறைகள். பிரமாண்டம் வேண்டுமென்றால் இதுதான். நான்ஜிங் மாவட்டத்தில் தியன்லோகெங் தொகுதி, நடுவில் ஒரு சதுரம், சுற்றி மூன்று வட்டம், ஒரு நீள்வட்டம். மேலே சாலையிலிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை போல இருப்பதால் உள்ளூர்க்காரர்கள் ‘நாலு கறி, ஒரு சூப்’ என்பார்கள். அதே பக்கம் யூச்சாங் லோவில் உள்தூண்கள் கண்ணுக்குத் தெரியவே சாய்ந்து நிற்கின்றன, பல நூற்றாண்டுகளாக அப்படியே.

பகல் சுற்றுலாப் பேருந்தில் போய் இரண்டு மணி நேரத்தில் திரும்பாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சில துலோக்களிலும் பக்கத்து வீடுகளிலும் தங்க அறை கிடைக்கும். பல அறைகளுக்குக் கழிவறை வெளியேதான், மரப்படி செங்குத்து. ஆனால் மாலை நாலரைக்குப் பேருந்துகள் போனபின் கோழி முற்றத்துக்குத் திரும்புவதையும், பெரியவர்கள் டீ ஊற்றிக்கொண்டு உட்காருவதையும் பார்த்தால்தான் இது வீடு என்று புரியும்.

டிக்கெட் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை: இந்த நான்ஜிங் வேறு, பெரிய நகரமான நான்ஜிங் வேறு. சீன எழுத்தில் வித்தியாசம் உண்டு, ஆங்கில எழுத்தில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியிருக்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

மலை, ஆறு, காடு பார்க்க வேண்டும் என்றால்?

வூயி மலை. இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது. செம்பாறைகளுக்கு நடுவே ஒன்பது வளைவுகளோடு ஓடும் ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் மூங்கில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் கூட்டிப் போவார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் கோல் ஊன்றுவார்கள். மோட்டார் சத்தம் இல்லை. செங்குத்துப் பாறைப் பிளவுகளில் மரச்சட்டங்கள் தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் இறந்தவர்களைப் படகு வடிவப் பெட்டியில் வைத்து அந்த உயரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். கன்பூசிய ஞானி ஜூ ஷி 1183-இல் பள்ளி அமைத்துப் பாடம் சொன்னதும் இதே ஆற்றங்கரையில்தான்.

தெப்பச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், முதலிலேயே பதிவு செய்யுங்கள். இன்னும் அமைதி வேண்டுமென்றால் தைநிங் போகலாம். அங்கேயும் செம்பாறை, ஏரி, கூட்டம் குறைவு.

தேயிலைக்கும் ஃபூஜியானுக்கும் என்ன சம்பந்தம்?

நாம் தினமும் சொல்லும் ‘டீ’ என்ற சொல்லே இந்தக் கடற்கரையிலிருந்து கிளம்பியது. தென் ஃபூஜியான் பேச்சில் அது ‘தே’. டச்சு வணிகர்கள் வழியாக ஐரோப்பா போய் டீ ஆனது. நம் ‘தேயிலை’யில் இருக்கும் ‘தே’வும் அந்த மூலத்திலிருந்து வந்ததுதான்.

வூயி மலையில் ‘தா ஹோங் பாவ்’, அதாவது பெரிய சிவப்பு அங்கி, என்ற தேயிலையின் தாய்ச்செடிகள் ஆறு ஒரு பாறை இடுக்கில் நிற்கின்றன. 2006-இலிருந்து அவற்றில் இலை பறிப்பதில்லை. கடைகளில் விற்பது அவற்றின் வாரிசுச் செடிகளிலிருந்து வந்த தேயிலையும் கலவைகளும். தாய்ச்செடியின் இலை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அங்கே டீயைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல், கட்டைவிரல் அளவு கோப்பையில், ஒரே இலையில் ஏழெட்டுத் தடவை வெந்நீர் ஊற்றிக் குடிப்பார்கள். மூன்றாவது கோப்பைக்குப் பிறகுதான் எனக்கு ருசி பிடிபட்டது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்கத் தெரிய வேண்டும். ‘வோ ச்சி சூ’ என்றால் நான் சைவம் என்று அர்த்தம். சொல்வதைவிட எழுதிக் காட்டுவது நல்லது. கறி, மீன், சிப்பி, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சீனத்தில் எழுதி கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே சகஜம். பெரிய பௌத்தக் கோயில்களின் அருகே சுத்த சைவ உணவகங்கள் உண்டு; ஷியாமெனில் நான்புதுவோ கோயில் சாப்பாடு அருமை. அசைவக்காரர்களுக்குக் கவலையே இல்லை, சிப்பி ஆம்லெட்டில் ஆரம்பிக்கலாம்.

எப்போது போகலாம்? எத்தனை நாள்?

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, அல்லது மார்ச், ஏப்ரல். மே, ஜூனில் விடாத மழை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை புயல் பயம். அக்டோபர் முதல் வாரம், மே தின விடுமுறை, சீனப் புத்தாண்டு மூன்றையும் கண்டிப்பாகத் தவிருங்கள்.

பத்து நாள் இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்: ஷியாமென் இரண்டு, ச்சுவான்ஜோ மூன்று, துலோ இரண்டு, வூயி மூன்று. ஏழு நாள்தான் என்றால் வூயியை விட்டுவிடுங்கள், ச்சுவான்ஜோவில் கைவைக்காதீர்கள்.

விசா, விமானம், பணம், போன்?

இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. சுற்றுலா விசா 2025 ஜூலையிலிருந்து மறுபடி கொடுக்கிறார்கள். இலங்கையர்களுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். விதிகள் மாறும், கிளம்பும் முன் தூதரகத் தளத்தைப் பார்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஷியாமென் போவது சுலபம். ஷியாமெனிலிருந்து ச்சுவான்ஜோ அதிவேக ரயிலில் அரை மணி நேரம், கொஞ்சம் கூடலாம். ரயில் டிக்கெட்டுக்குக் கடவுச்சீட்டுதான் அடையாளம்.

பணம் கட்டும் செயலிகளான அலிபே அல்லது வீசாட்டை ஊரிலேயே இறக்கி, உங்கள் வங்கி அட்டையை இணைத்துச் சோதித்துவிட்டுப் போங்கள். இளநீர்க்காரர் வரை கியூஆர்தான். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கே வேலை செய்யாது; நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

ச்சுவான்ஜோவுக்குத் தாராளமாக. ஊர் சமதளம், டாக்சி மலிவு, கைய்யுவானில் பின்பக்கத் தூண்கள் வரை சில படிகள்தான். வூயியில் தெப்பம் சரி, மலையேற்றம் வேண்டாம். துலோவில் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நான்கூட என் அம்மாவோடுதான் கைய்யுவான் போனேன். அந்தத் தூண் முன்னால் போய் நின்றதும், நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மா கையை நீட்டி, “இது கஜேந்திர மோட்சம்டா” என்றார்.